ஊருக்கு நான் வாசிக்காமல் விட்ட மூன்றாம் பக்கம்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, பேச வருகிறவர்களின் நெஞ்சைப் படபடக்க வைத்துக்கொண்டிருக்கும் தலைமையாசிரியை மணிமொழி அம்மா அவர்களே! என் கட்டுரைகளில் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து என்னைத் திருத்திய தமிழாசிரியர் கலைவாணன் ஐயா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் புங்கன்குடிக்காட்டுப் பெரியோர்களே! நூறு நாள் வேலையிலிருந்து மண்வெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக இங்கே வந்து நிற்கும் என் தாய்மார்களே! தரையில் அமர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கையரே! உங்கள் அனைவருக்கும் பத்தாம் வகுப்பு மாணவி பிரவீணாவின் பணிவான வணக்கம்.

இந்த வாசிப்பு விழாவில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘வாசிப்போம், உயர்வோம்’. கலைவாணன் ஐயா அழகான உரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதை நான்கு நாளில் மனப்பாடம் செய்தேன். கண்ணை மூடினால் காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்றுகூடத் தெரியும். ஆனால் ஐயா, அந்த உரையை நான் இன்று பேசப் போவதில்லை. என் பாவாடை மடிப்பில் வேறொரு தாள் இருக்கிறது. அதை வீட்டில் யாருக்கும் தெரியாமல் நானே எழுதினேன். மூன்று முறை கிழித்து நான்காம் முறை எழுதினேன். இப்போது அதை விரிக்கிறேன்.

என்ன அங்கமுத்து மாமா? “சத்தமா பேசு பாப்பா, என் டீக்கடை வரைக்கும் கேக்கணும்” என்கிறீர்களா? பேசுகிறேன் மாமா. ஆனால் பேசி முடித்த பிறகு, ஏன்தான் சத்தமாகப் பேசச் சொன்னோமோ என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

அவையோரே! நான் ஏன் இந்த மேடையில் நிற்கிறேன்? போன ஆண்டு ஒன்றிய அளவில் நடந்த வாசிப்புப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். தடுமாறாமல், தயங்காமல், தண்ணீர் ஓடுவதுபோல் படித்தேன் என்று பாராட்டினார்கள். பரிசாக ஓர் எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். அன்றிலிருந்து நம் ஊரில் எந்தக் கடிதம் வந்தாலும், எந்த நோட்டீஸ் வந்தாலும், “ராசாங்கம் மவளக் கூப்பிடு, அது படிச்சுக் காட்டும்” என்று ஆகிவிட்டது. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமைதான் இன்று என்னை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. ஊருக்கே வாசித்துக் காட்டியவள் தவறாக வாசித்துவிட்டால், அந்தத் தவறு ஒருத்தியுடையதா, ஊருடையதா? எனக்குத் தெரியவில்லை. இந்தத் ‘தெரியவில்லை’யை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி விடுமுறை. அம்மாவோடு நானும் ஏரி வேலைக்குப் போயிருந்தேன். சோற்று நேரம். கருவேல மர நிழலில் எல்லோரும் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அப்போது அங்கமுத்து மாமா, கம்பெனிக்காரர்கள் தம் கடையில் கொடுத்துவிட்டுப் போன ஒரு கட்டு நோட்டீசோடும், கையெழுத்து வாங்கும் தாளோடும் வந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை விரிவாக்கப் போகிறார்களாம், அதற்கு மக்கள் கருத்தைக் கேட்கப் போகிறார்களாம், அதன் நோட்டீஸ் என்றார்.

“யாருக்காவது மறுப்பு இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா ‘ஆட்சேபணை இல்லை’ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்றார்.

“நமக்கெதுக்குய்யா அது? நம்ம ஊரு வருதா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல” என்று ஓர் அக்கா கேட்டார்.

“நான் என்னத்தக் கண்டேன்? இந்தா, ராசாங்கம் மவ இருக்குல்ல. பாப்பா, படி.”

நான் எழுந்து நின்றேன். பளபளப்பான தாள். ஒரே தாளை நடுவில் மடித்து நான்கு பக்கமாக ஆக்கியிருந்தார்கள். முதல் பக்கத்தில் பச்சை மரங்கள், ஒரு மயில், பையோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இரண்டாம் பக்கம் முழுக்க எழுத்து. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரைபடம். நான்காம் பக்கத்தில் ஓர் அம்மாவின் வட்டமான புகைப்படமும் பக்கத்தில் இரண்டு வரியும்.

காற்று அடித்தது. தாள் படபடவென்று ஆடியது. அதனால் அதை வெளிப்புறமாக மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் பக்கம் என் முகத்துக்கு நேரே. மூன்றாம் பக்கம் உங்கள் முகத்துக்கு நேரே. என் முன்னால் எழுத்து இருந்தது. உங்கள் முன்னால் படம் இருந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை. உங்களில் பலர் எழுத்தைப் படிக்க முடியாதவர்கள். நமக்கு நடுவில் ஒரே ஒரு தாள். ஒரு நூல் கனம்கூட இல்லாத தாள்!

படித்தேன். கீழப்பெருநிலை வருவாய் கிராமம், புல எண் இருநூற்றுப் பதினான்கில் ஒன்று, இருநூற்றுப் பதினான்கில் இரண்டு என்று நீண்டுகொண்டே போன பட்டியலைத் தடுமாறாமல் படித்தேன். ஹெக்டேர் கணக்கைத் திக்காமல் படித்தேன். பிறகு தேடினேன். புங்கன்குடிக்காடு என்ற பெயர் எங்காவது இருக்கிறதா? மேலிருந்து கீழ் தேடினேன், கீழிருந்து மேல் தேடினேன். இல்லை.

“நம்ம ஊரு பேரே இதுல இல்ல” என்றேன்.

தாளைப் பழையபடி மடித்து, பின்னால் இருந்த நான்காம் பக்கத்துக்குத் திருப்பினேன். அந்த அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருந்ததையும் அதே மூச்சில், அதே குரலில் படித்தேன். “சுரங்கம் வந்த பிறகு கிணற்றில் தண்ணீருக்குக் குறையே இல்லை.” அது மேற்கோள் குறிக்குள் இருந்தது. கீழே பொடி எழுத்தில் அந்த அம்மாவின் பெயரும், எங்கேயோ இருக்கும் வேறோர் ஊரின் பெயரும் இருந்தன. அது அந்த அம்மாவின் கருத்து. அவருக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான் அதை எப்படிப் படித்தேன்? புல எண்ணைப் படித்த குரலிலேயே படித்தேன். நோட்டீசின் கணக்கு சொன்னது ஒரு குரல், அந்த அம்மா சொன்னது இன்னொரு குரல். இரண்டு குரலையும் பிரவீணாவின் ஒற்றைக் குரலாக்கி உங்கள் காதில் ஊற்றினேன்! மேற்கோள் குறியை வாயால் எப்படிப் படிப்பது? வாசிப்புப் போட்டியில் அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

“தண்ணிக்குக் கொற இல்லியாம், நம்ம ஊரும் இல்லியாம். அப்பறம் என்ன, போட்டுட்டுச் சோத்தத் தின்னுவோம்” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்று அறுபத்து மூன்று பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். பெருவிரல் மையைக் கருவேல மரத்தில் துடைத்தார்கள். இன்னமும் அந்த மரத்தில் நீலக் கறை இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன்.

சபையோரே! இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் செங்கமலம் அத்தை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். ஆடு மேய்க்கும் செங்கமலம் அத்தையை உங்களுக்குத் தெரியும். அதோ, மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நிற்கிறார். அவர் கையில் அந்த நோட்டீஸ் இருந்தது. அங்கமுத்து மாமா கடையில் பக்கோடா மடித்துக் கொடுத்திருந்தார்கள். எண்ணெய் ஊறி, ஒரு மூலையை ஆட்டுக்குட்டி கடித்திருந்தது.

“ஏ புள்ள, கொஞ்சம் வெளிய வா. இந்தப் படத்துல செவப்பா ஒரு கோடு போவுதே, அது என்ன?”

“அது சும்மா படம் அத்தை.”

“சும்மா எதுக்குப் படம் போடுறான், காசு குடுத்து? இங்க பாரு. இந்த நீலம் நம்ம ஓட. மொதல்ல கெழக்கால போயி, பம்புசெட்டு ரூமுகிட்ட வடக்க திரும்புது பாரு. இந்தச் சுத்துவட்டாரத்துல இப்படித் திரும்புற ஓட வேற எது? இந்தக் கட்டம் நம்ம தெரு. இது நம்ம சுடுகாடு. செவப்புக் கோடு தெருவ மட்டும் வெளிய வுட்டுட்டு, மத்ததையெல்லாம் உள்ள வச்சு இல்ல போவுது?”

நான் வாங்கிப் பார்த்தேன். வீட்டுக்குள் ஓடிப்போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எங்கள் வீட்டுமனைப் பட்டாவை எடுத்தேன். அதில் ஊர் என்று என்ன எழுதியிருந்தது தெரியுமா? கீழப்பெருநிலை! புங்கன்குடிக்காடு என்பது நாம் கூப்பிடுகிற பெயர், பஸ்ஸில் எழுதியிருக்கிற பெயர். ஆவணத்தில் நாம் கீழப்பெருநிலை. சரி, புல எண்ணையாவது யாராவது கண்டுபிடித்திருக்கலாமே? எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடைக்கு யார் வீட்டில் பட்டா இருக்கிறது? மேய்ச்சல் காட்டுக்கு யார் பெயரில் எண் இருக்கிறது? சுடுகாட்டுக்கு வரி கட்டுகிறவர் யார்? எல்லோருக்கும் பொதுவான இடத்தின் எண் எவருக்கும் தெரியாமல் போய்விட்டதே!

அடுத்த நாள் மாலை, நான் பள்ளிவிட்டு வந்த பிறகு, அத்தையும் நானும் ஆடுகளும் அந்தக் கோட்டின் மேலேயே நடந்தோம். அத்தை படத்தைப் பார்த்து வழி சொன்னார், நான் எழுத்தைப் பார்த்துப் பொருள் சொன்னேன். வடக்குத் தெருக் கடைசி வீட்டுக்கும் அடிபம்புக்கும் நடுவில் வந்தபோது அத்தை நின்றுவிட்டார். கோடு அங்கேதான் போகிறது. அடிபம்பு கோட்டுக்கு உள்ளே. வீடு கோட்டுக்கு வெளியே.

அப்போது அத்தை ஒன்று சொன்னார். “நான் இத அன்னிக்கே பாத்தேன் புள்ள. நீ தாளத் தூக்கிப் புடிச்சப்ப என் மூஞ்சிக்கு நேராத்தான் இருந்துச்சு. ஓட வளைவு தெரிஞ்சுது. வாயத் தொறக்கலாம்னு பாத்தேன். நீ நம்ம ஊரு இல்லேன்னுட்ட. படிச்ச புள்ள சொல்லுது, நமக்குத்தான் கண்ணு சரியில்லன்னு கைநாட்டு வச்சிட்டேன்.”

ஐயோ, அவையோரே! படிக்கத் தெரியாதவர் சரியாகப் பார்த்தார். படிக்கத் தெரிந்தவள் பார்க்கவே இல்லை. பார்த்தவர் பேசவில்லை. பார்க்காதவள் பேசினாள். இதில் யார் எழுத்தறிந்தவர்? சொல்லுங்கள், யார் எழுத்தறிந்தவர்?

மாமா, உட்காருங்கள், உட்காருங்கள். “நானா ஏமாத்துனேன்?” என்று கேட்கிறீர்கள். இல்லை மாமா. நீங்கள் தாளைக் கொண்டுவந்தீர்கள், அவ்வளவுதான். கம்பெனிக்காரர்கள் ஏமாற்றினார்களா என்றால், அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லையே! எண் இருந்தது, படம் இருந்தது, கருத்தைக் கருத்து என்று குறிபோட்டுத்தான் அச்சடித்திருந்தார்கள். எல்லாம் இருந்தது. ஆனால் எல்லாம் இருந்தும் நமக்கு எதுவும் தெரியவில்லையே, அது எப்படி? மயிலை முதல் பக்கத்தில் பெரிதாக வைத்து, சுடுகாட்டை மூன்றாம் பக்கத்தில் பெயரில்லாத கட்டமாக வைத்தார்களே, அதற்குப் பெயர் என்ன? பொய்யா? பொய் இல்லை. உண்மையா? உண்மை என்றால் ஏன் அத்தையைத் தவிர யார் கண்ணிலும் படவில்லை? எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வயதில் இதெல்லாம் தெரிய வேண்டுமா என்றும் தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார்.

“வாய மூடிட்டு இருடி. உங்கப்பா லாரி யாரு கல்ல ஏத்திட்டுப் போவுதுன்னு தெரியுமில்ல? இந்த அரிசி அந்தக் கல்லுலேருந்துதான் வருது.”

“அந்த அரிசிக்குத் தண்ணி அந்த அடிபம்புலேருந்துதானம்மா வருது?”

அம்மா கரண்டியை ஓங்கினார். பிறகு ஓங்கிய கையை இறக்கி, அதே கரண்டியால் உலையைக் கிளறினார். “ரெண்டும் வேணுமேடி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ரெண்டும் வேணும். இந்த ஊரில் எத்தனை வீட்டில் அந்த வார்த்தை இருக்கிறது! அண்ணன்மார் பலர் அந்தச் சுரங்கத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல முடியுமா? அப்பா பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் வெள்ளைத் தூசியிலேயே வண்டி ஓட்டித்தான் எனக்கு இந்தச் சீருடை வாங்கித் தந்தார். அவரிடம் நான் என்ன சொல்வது?

அப்பா அதோ கேட் பக்கம் நிற்கிறார். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருக்கிறார். நான் பரிசு வாங்குவேன் என்று பார்க்க வந்தார். அப்பா, என்னை இறங்கச் சொல்லிக் கை காட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

மணியடித்துவிட்டீர்கள் அம்மா. தெரிகிறது. தலைமையாசிரியை அவர்கள் எனக்கு இரண்டே நிமிடம் தர வேண்டும். தலையசைத்ததற்கு நன்றி.

வரும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம். நேரிலும் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம் என்று இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அந்த வரியையும் நான் படித்தேன், ஆனால் அப்போது உங்கள் கண் தூக்குவாளிமேல் இருந்தது. அறுபத்து மூன்று பேரின் ‘ஆட்சேபணை இல்லை’ அங்கே போய்விட்டது. அது உங்கள் கருத்தா? இல்லை! அது என் வாசிப்பு. என் வாசிப்பை உங்கள் கருத்தாக அங்கே வைத்திருக்கிறார்கள். என் தப்பு உங்கள் கைநாட்டை அணிந்துகொண்டு அந்த மண்டபத்தில் போய் உட்காரப் போகிறது!

சுரங்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள் என நான் கேட்கவில்லை. வேண்டும் என்று சொல்லுங்கள் எனவும் கேட்கவில்லை. எது சரி என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. வேண்டும் என்றால் படத்தைப் பார்த்துவிட்டு வேண்டும் என்று சொல்லுங்கள்! வேண்டாம் என்றால் எண்ணைப் புரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்! யாரோ ஓர் அம்மாவின் கிணற்றை நம்பாமல், நம் அடிபம்பை நாமே அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்! சொல்வது உங்கள் வாயாக இருக்கட்டும், என் வாயாக இருக்க வேண்டாம்!

செங்கமலம் அத்தை, மேடைக்கு வாருங்கள். வெட்கப்படாதீர்கள். யாராவது அத்தைக்கு வழிவிடுங்கள். என்ன சொல்கிறீர்கள்? “செருப்ப எங்க வுடுறது?” போட்டுக்கொண்டே வாருங்கள் அத்தை, இங்கே எல்லோரும் செருப்போடுதான் நிற்கிறோம். இந்த ஓரத்தைப் பிடியுங்கள். நான் அந்த ஓரத்தைப் பிடிக்கிறேன். ஆமாம், ஆட்டுக்குட்டி கடித்த அதே தாள்தான். அன்று மடித்துப் பிடித்தேன். இன்று விரித்துப் பிடிக்கிறோம். இப்போது எழுத்தும் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அத்தை விரலை வைத்து இடத்தைச் சொல்வார். நான் எண்ணைச் சொல்வேன். பின்பக்கத்தில் இருப்பது கருத்து என்றால், “இது கருத்து” என்று முதலில் சொல்லிவிட்டுப் படிப்பேன். விழா முடிந்ததும் இந்த மேடையடியிலேயே உட்காருகிறோம். யாருக்கு வேண்டுமோ வாருங்கள். எத்தனை முறை கேட்டாலும் படிப்பேன்.

யார் அது பின்னால்? அப்பாவா?

இன்னொரு முறை சொல்லுங்கள் அப்பா, மைக் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

“ஏழு அம்பது பஸ்ஸ வுட்டா, பத்தரைக்கு அங்க போயிச் சேர முடியாது” என்கிறீர்கள்.

அப்பா, இது கோபமா, சம்மதமா? எனக்குத் தெரியவில்லை. உங்கள் முகம் தூரத்தில் இருக்கிறது. ஆனால் சொன்னதைச் சொன்னபடியே இந்தத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். வியாழக்கிழமை, ஏழு ஐம்பது. கீழே உங்கள் பெயரையும் போடுகிறேன், இது யார் சொன்னது என்று யாரும் குழம்பிவிடக் கூடாதல்லவா?

எழுதிக் கொடுத்ததைப் பேசாத என்னை இதுவரை இறக்கிவிடாமல் பொறுத்திருந்த கலைவாணன் ஐயாவுக்கும், இரண்டு நிமிடத்தை ஆறு நிமிடமாக்கித் தந்த தலைமையாசிரியை அவர்களுக்கும், எழுந்தும் என் பேச்சை நிறுத்தாத அங்கமுத்து மாமாவுக்கும், அன்றே பார்த்த செங்கமலம் அத்தைக்கும், கையெழுத்திட்ட, கைநாட்டு வைத்த அறுபத்து மூன்று பேருக்கும் என் நன்றி. அதைவிட முதலில் சொல்ல வேண்டியது, என்னை மன்னித்துவிடுங்கள். வியாழக்கிழமை பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்க்கும் நம்பிக்கையோடு, வணக்கம்.